இருட்டுக்குக் கையெழுத்து

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவனை யாரும் தேட மாட்டார்கள் என்று நம்பித்தான் வாங்கினேன். போன டிசம்பரில் அந்த நம்பிக்கை வாட்ஸ்அப் வழியாக உடைந்தது. எங்கள் பழைய விருந்தினர் விடுதியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தோட்ட அலுவலர் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு மேசை. மேசைமேல் தங்கநிறக் காகிதம் சுற்றிய தொட்டி. தொட்டியில் நான்கு குச்சிகள். கீழே, 'சார், பாயின்செட்டியா. ஓசூர்ல வாங்கினது. கிறிஸ்துமஸுக்குள்ள எலை வந்துடுங்களா?'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குச்சிகளுக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி காலியான டீ டம்ளர். மற்ற பாதி எங்கே போயிருக்கும் என்று யூகிக்க எனக்கு அனுபவம் போதும்.

பதில் எழுதினேன். தங்கக் காகிதத்தைக் கழற்றுங்கள், அதற்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், கதவோரக் குளிர்காற்றும் வேண்டாம். வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் வையுங்கள், ஆனால் உச்சிவெயில் நேரே விழக் கூடாது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் விரலைக் கழுவிக்கொண்டு போய்விடுங்கள். டீ ஊற்ற வேண்டாம். இந்தச் செடிக்கு நீண்ட தூக்கம் முக்கியம்.

அவர் கட்டைவிரல் காட்டினார். பிறகு, 'சார், பீரோவுல இருட்டுப் பதிவேடுன்னு ஒண்ணு கீது. உங்க கையெழுத்தா இருக்கு. அது இன்னா சார்?' என்று கேட்டார்.

அதை வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாயின்செட்டியாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி முழுக்கச் சிவப்பாக நிற்குமே, அந்தச் செடி. எல்லாரும் பூ என்று நினைப்பது பூ அல்ல, இலை. உண்மையான பூ நடுவில் மஞ்சளாக, மிளகளவில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். வேலை செய்வது நடுவில் இருப்பவை. சிவந்து நின்று பெயர் வாங்குவது மேலே இருப்பவை. அரசு வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இந்தச் செடியின் அமைப்பு புரிந்துவிட்டது.

படிப்பு? தோட்டக்கலைப் பட்டயப் படிப்பில் இதற்கு ஒதுக்கியிருந்தது ஒரே வரி: குறும்பகல் தாவரம், நீண்ட இருள் தேவை. மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கினேன். பிறகு மாங்கன்று ஒட்டு, காப்பி நாற்று, மிளகுக்கொடி என்று ஜவ்வாது மலையில் ஏறி இறங்கியே வருஷங்கள் போயின. அந்த வரி மறக்கவில்லை. அர்த்தம்தான் தெரிந்திருக்கவில்லை. மனப்பாடமும் அர்த்தமும் வேறு வேறு என்பதே எனக்குத் தெரியாது.

கடைசியாக என்னை உட்கார வைத்த இடம் ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு விருந்தினர் விடுதி. எந்தத் துறையுடையது என்று சொல்வதாக இல்லை. நீள வராந்தா, ஒரு பெரிய கூடம், பின்னால் ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு குளியலறை. குளியலறையில் பல்பு கிடையாது. இருந்தது ஃப்யூஸ் போய், புது பல்பு கேட்டுக் கீழே தலைமை அலுவலகத்துக்கு எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பல்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வருஷம் சிவந்த செடிகளாகவே பன்னிரண்டு தொட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தோம். ஒன்றுக்குச் சமையல்காரர் சத்து என்று சூடான வடிகஞ்சியை ஊற்றினார். இன்னொன்று பிளாஸ்டிக்கா நிஜமா என்று வருகிறவர்கள் எல்லாரும் கிள்ளிப் பார்த்தே போனது. கிள்ளிய ஒருவர் விரலில் ஒட்டிய செடிப்பாலோடு கண்ணைக் கசக்கிவிட்டு, அரை நாள் அழுதபடி மலையை ரசித்தார். புத்தாண்டுக்குள் பன்னிரண்டும் குச்சி. அப்போதுதான் என் மேலதிகாரியின் புகழ்பெற்ற கேள்வி முதன்முதலாக என்மேல் விழுந்தது.

"யார் பொறுப்பு?"

அவரை நாங்கள் ஐயா என்றே சொல்வோம். குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைப்பையில் பேனாவும் கைக்குட்டையும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கும். எதைச் சொன்னாலும் முதலில் அந்தக் கேள்விதான். ஐயா, மலைப்பாதையில் பாறை விழுந்து பஸ் நிற்கிறது. யார் பொறுப்பு? ஐயா, மழை பிடித்துக்கொண்டது. யார் பொறுப்பு? பதிலுக்குக் காத்திருக்க மாட்டார் என்பதல்ல, காத்திருப்பார். நாங்கள்தான் தரையைப் பார்ப்போம். போதுமான அளவு தரையைப் பார்த்தபின் அடுத்த கோப்பை எடுப்பார். இப்படித்தான் அலுவலகம் சுமுகமாக ஓடியது.

மறுவருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் துறை இயக்குநர் அம்மா குடும்பத்தோடு வந்து தங்கப்போவதாகச் செய்தி வந்தது. அவருக்குச் சிவப்புப் பாயின்செட்டியா என்றால் உயிராம். வாங்கி வைத்தால் போன வருஷக் கதைதான் என்று, நாமே சிவக்க வைப்போம் என்றார் ஐயா. இருபத்துநான்கு தொட்டி. எனக்கு அந்த இரண்டு மதிப்பெண் வரி ஞாபகம் வந்தது. மாலை ஐந்து மணியிலிருந்து காலை எட்டு வரை முழு இருட்டு வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் விடாமல் என்று ஒப்பித்தேன்.

"இருட்டுக்கு யார் பொறுப்பு?" என்றார் ஐயா. நான் தரையைப் பார்த்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வமேரி நிமிர்ந்து பார்த்தார். அப்படித்தான் பொறுப்பு அவருக்குப் போனது.

செல்வமேரி அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நான் மேரியம்மா என்பேன், அவர் சார் என்பார். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. பத்து வருஷம் தாண்டியவர்களை நிரந்தரமாக்கலாம், மேலதிகாரி பரிந்துரைத்தால் போதும் என்று அந்த வருஷம்தான் உத்தரவு வந்திருந்தது. அவருடைய கோப்பு ஐயாவின் மேசையில் இடதுபக்கம் இருந்தது. கையெழுத்து ஆனவை வலதுபக்கம் போகும். மேசையைத் துடைக்கும்போதெல்லாம் மேரியம்மா அதை ஒரு விரலால் நேராக்கி வைப்பார். வலதுபக்கம் தள்ள அவருக்கு அதிகாரமில்லை.

ஐயா எல்லார் முன்னாலும் சொன்னார்: டிசம்பர் இருபதுக்குள் தொட்டிகள் சிவந்தால் பரிந்துரை. இல்லையென்றால் கோப்பு வந்த வழியே திரும்பும்.

பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாக அடித்தோம். கதவிடுக்கில் சாக்கு. காலை எட்டுக்கு மேரியம்மா இருபத்துநான்கு தொட்டியையும் ஒவ்வொன்றாக வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். மாலை ஐந்துக்கு ஒவ்வொன்றாக உள்ளே. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, நடுவில் ஒரு பெருமூச்சு. கதவைச் சாத்திச் சாக்கைச் செருகிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐயா, இருட்டு இருந்தது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான், என் இருபத்தேழு வருஷ அனுபவம் முழுவதையும் திரட்டி, ஒரு பதிவேடு போடலாம் என்றேன். அந்த யோசனை வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது. நானே கோடு போட்டேன். தேதி. நேரம். தொட்டிகளின் எண்ணிக்கை. இருட்டின் தன்மை: முழுமை அல்லது பகுதி. பார்வையிட்டவர் கையொப்பம். மேலொப்பம். மாலை ஏழரைக்குப் பார்வையிட வேண்டும் என்று முடிவாயிற்று. நானும் ஐயாவும் விடுதியை ஒட்டிய குடியிருப்பிலேயே இருந்ததால் வசதி.

பதிவேட்டை அறைக்குள் ஆணியில் மாட்டிய அன்று மேரியம்மா கேட்டார். "இருட்டுல எப்டி சார் எழுதுவீங்க?"

"லைட்டைப் போட்டுத்தான்."

"லைட்டு எதுக்கு சார்?"

"இருட்டா இருக்குதான்னு பாக்க வேணாமா?"

மேரியம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். அப்புறம், "படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் ஏழரைக்குக் கதவைத் திறந்து சுவிட்சைப் போடுவேன். ட்யூப்லைட் மூன்று முறை இமைத்துவிட்டுப் பளீரென்று எரியும். தொட்டிகளை எண்ணுவேன். இலைகளைப் புரட்டிப் பார்ப்பேன். 'இருட்டு முழுமை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஐயா வந்து மறுபடி எண்ணுவார். அவருக்கு அந்த அறை பிடித்துப்போனது, சத்தமில்லாத அறை. நாற்காலி போடச் சொல்லி அங்கேயே டீ குடித்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவே அரைமணி, முக்கால்மணி உட்கார்ந்திருப்பார். மேலொப்பம் போட்டபின் விளக்கை அணைத்து, அணைந்ததா என்று உறுதிசெய்ய ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அணைப்போம்.

இரண்டாவது வாரம் பதினேழாம் எண் தொட்டி இலை கொட்டிவிட்டது. கதவோரம் இருந்ததால் குளிர்காற்று பட்டிருக்கும். பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து, 'இறப்பு' என்று எழுதினேன். எங்கள் அறையில் அந்த வருஷம் முதலில் சிவந்தது அந்த வரிதான். தொட்டியைக் கொட்டிவிடச் சொன்னேன். மேரியம்மா சரிங்க சார் என்றார். அதன்பின் எண்ணிக்கை இருபத்துமூன்று.

நவம்பர் முடிந்தது. இருபத்துமூன்றும் வாழையிலை மாதிரிப் பசேலென்று, நல்ல ஆரோக்கியமாக, எந்தக் கவலையும் இல்லாமல் நின்றன. மேலே ஒரு துளிச் சிவப்பு கிடையாது.

துப்பறிய ஆரம்பித்தோம். கார்த்திகை மாசம், எதிர் வரிசை வீடுகளில் எல்லாம் வாசலில் அகல்விளக்கு. அந்த வெளிச்சம் இரண்டு மடிப்புத் துணியைத் தாண்டி வருகிறதோ என்று, ஏழரைக்கு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்த அறைக்குள் நின்றபடி ஐயாவும் நானும் விவாதித்தோம். ஜன்னலுக்கு மூன்றாவது மடிப்பு அடித்தோம். மின்மினிப் பூச்சியைச் சந்தேகித்து வேப்பம்புகை போட்டோம். காவலூர் வானாய்வகத்தில் இருட்டை நம்பியே நட்சத்திரம் பார்க்கிறார்கள், இத்தனைக்கும் அது பல கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறது, நமக்கு இரண்டடியில் இருப்பது சிவக்க மாட்டேன் என்கிறதே என்று ஐயா வருந்தினார். சமையல்காரர், சேலைக்குப் போடுகிற சிவப்புச் சாயம் வீட்டில் மிச்சம் கீது என்றார். ஐயா அதை உண்மையாகவே யோசித்தார். மழை பெய்து சாயம் வெளுத்தால் யார் பொறுப்பு என்ற இடத்தில் அந்தத் திட்டம் நின்றது.

கடைசியில் மேரியம்மாவுக்கு மெமோ வந்தது. மேற்படி செடிகள் உரிய காலத்தில் சிவக்கத் தவறியமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். அவர் அதை என்னிடமே எடுத்துக்கொண்டு வந்து, எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். 'நான் மேற்படி செடிகளைப் பச்சையாக இருக்கும்படி எவ்விதத்திலும் தூண்டவில்லை. அவை சிவக்க முற்பட்டபோது தடுக்கவும் இல்லை.'

படித்துக் காட்டினேன். "பொய் ஒண்ணும் இல்ல சார்," என்றார். "ஆனா கேக்கறவங்களுக்கு நான்தான் பண்ணேன்ற மாதிரி கீது."

கையெழுத்துப் போட்டார். தினக்கூலி ஆட்களுக்கு எங்கள் அலுவலகத்தில் பொறுப்பு உண்டு, எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து கிடையாது. அது ஐயாவின் விதி. ஆக, பதினோரு வருஷத்தில் மேரியம்மாவின் கையெழுத்து அந்த அலுவலகக் கோப்புக்குள் நுழைந்தது செடிகளைத் தூண்டவில்லை என்பதற்குக் கீழேதான். பேனாவை மூடும்போது, நிரந்தரமானா பஸ் பாஸ் குடுப்பாங்களா சார் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். தெரியவில்லை என்றேன். சும்மா தான் கேட்டேன் என்றார்.

டிசம்பர் பத்து வாக்கில் ஒரு காலை. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாளி தேடி அந்தக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். மழையில் ஊதிப்போன கதவு. தோளால் இடித்தால்தான் திறக்கும். திறந்தது. உள்ளே, தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல், ரத்தச் சிவப்பாக ஒரு செடி உட்கார்ந்திருந்தது. இருட்டில் யாரோ குத்துவிளக்கு ஏற்றி வைத்த மாதிரி. வாளி தேடி வந்ததே எனக்கு மறந்துபோனது.

மேரியம்மா பின்னால் வந்து நின்றார்.

"இன்னா மேரியம்மா இது?"

"பதினேழு சார். நீங்க செத்துப் போச்சின்னு எழுதினது. அடியில பச்சை இருந்துச்சி, கொட்ட மனசு வர்ல. பகல்ல வெறகு அடுக்குக்குப் பின்னால வெச்சிட்டு, சாயங்காலம் இங்க வெச்சிட்டுப் போவேன்."

"இது மட்டும் எப்படிச் சிவந்துச்சு?"

"இதுக்குக் கையெழுத்துப் போட யாரும் வர்ல சார்."

நான் பின்னறையைப் பார்த்தேன். ட்யூப்லைட்டைப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய பதிவேட்டைப் பார்த்தேன். ஐயாவின் நாற்காலியைப் பார்த்தேன். இரண்டு மதிப்பெண் வரிக்கு அர்த்தம் அந்த இடத்தில்தான், இருபத்தேழு வருஷம் கழித்து, எனக்குப் புரிந்தது. தினமும் நடு இருட்டில் முக்கால் மணி நேரம் விளக்கைப் போட்டு, செடிகளிடம் விடிந்துவிட்டது என்று அறிவித்து, அதற்கு ஆதாரமாக இரண்டு அதிகாரிகள் கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.

முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னேனே சார். லைட்டு எதுக்குன்னு கேட்டேன். இருட்டா இருக்குதான்னு பாக்கன்னீங்க."

மிச்சம் பத்து நாள். அதற்குள் மற்ற இருபத்துமூன்றும் சிவக்க வழியில்லை. பேசாமல் இருந்தால் கோப்பு வந்த வழியே திரும்பும். மேரியம்மா பதினேழை எடுத்து வராந்தாவில் வைத்துவிட்டு, வழக்கம்போல மற்றதைத் தூக்கப் போய்விட்டார். அதுதான் தாங்கவில்லை.

பதிவேட்டை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நாளும், அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும். "ஐயா, இதை நாம எப்படி எழுதினோம்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு முறை. மறுபடியும். பேனாவை எடுத்தார், வைத்தார். முகத்தில் ட்யூப்லைட் மாதிரி ஏதோ மூன்று முறை இமைத்தது. பிறகு, பழக்கத்தினால் என்றுதான் நினைக்கிறேன், கேட்டார்.

"யார் பொறுப்பு?"

"நான்தான் ஐயா."

அவர் நிமிர்ந்தார். அவருடைய நீண்ட பணிக்காலத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் நடைமுறை எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்தார். உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். டீ வரவழைத்தார். இரண்டு பேரும் குடித்தோம். கடைசியில், பதினேழாம் எண் யாருடைய பராமரிப்பில் இருந்தது என்று கேட்டார். மேரியம்மா பராமரிப்பில் மட்டும் என்றேன். அதில் உங்களுக்கோ எனக்கோ பங்கு? இல்லை ஐயா, அது இறந்ததாக நாம் எழுதிவிட்டோம்.

ஐயா எழுத ஆரம்பித்தார். தோட்ட அலுவலர் பொறுப்பில் இருந்தவை இருபத்துமூன்று, சிவந்தவை இல்லை. செல்வமேரியின் தனிப் பொறுப்பில் இருந்தது ஒன்று, சிவந்தது ஒன்று. தேர்ச்சி முழுமை. நிரந்தரப்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது. கோப்பு இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கம் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டிப்பு ஏறியது: இருட்டில் விளக்குப் போட்டமை. இன்றும் அதில் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது.

இயக்குநர் அம்மா வந்தார். கூடத்தில் இருபத்துமூன்று பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. வேறு வழியில்லாமல் வைத்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கும் சிவப்பை அள்ளிக் கொட்டிக் கண்ணைக் கூச வைப்பார்கள், இங்கேதான் ரசனை தெரிகிறது, இது யாருடைய யோசனை என்றார். ஐயா தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேரியம்மா துடைத்து வைத்திருந்த தரை, நன்றாகவே இருந்தது.

மறுவருஷம் எல்லா விடுதிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: கிறிஸ்துமஸ் காலத்தில் இருபத்துமூன்று பச்சை, ஒரு சிவப்பு. பச்சையைப் பச்சையாகவே வைத்திருப்பது எப்படி என்று மற்ற விடுதிக்காரர்கள் எனக்கு போன் செய்தார்கள். ஒரு பதிவேடு போடுங்கள் என்றேன். எங்கள் பதிவேடும் தொடர்ந்தது. நான் ஓய்வு பெறும்வரை தினமும் ஏழரைக்கு விளக்கைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த அரைமணி நேரம்தான் என் பணிக்காலத்திலேயே எதிர்பார்த்த பலனைத் தவறாமல் கொடுத்த வேலை.

அந்தச் சுற்றறிக்கை வந்த வருஷம் அக்டோபரில் கீழேயிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே, வைக்கோல் சுற்றி, குளியலறைக்கான பல்பு. மின் பணியாளர் ஏணியோடு வந்தார். மேரியம்மா அப்போது நிரந்தரமாகி ஒரு வாரம். குளியலறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். உள்ளே பதினேழு இருந்தது.

பல்பு பொருத்தாவிட்டால் தன் பதிவேட்டில் காரணம் எழுதிப் பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும் என்றார் மின் பணியாளர். என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுப்பதற்குள் மேரியம்மா கையை நீட்டினார்.

"குடுங்க சார். நான் போட்றேன்."

பதிவேட்டை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து, நிதானமாக எழுதினார். பெறப்பட்டது. பொருத்தப்படவில்லை. காரணம், உள்ளே செடி தூங்குது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் முழுப் பெயரையும், ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல், கட்டத்தை விட்டு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாகப் போட்டார்: செல்வமேரி.

அப்புறம் கதவைத் தோளால் இடித்துச் சாத்தினார்.